சொர்ணத்தின் ஐந்தாண்டு இலக்கு

பக்கத்துக் கடைக்காரி வேண்டா நான்கே நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து சொர்ணத்தின் வடசட்டியில் எண்ணெய் வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது.

இருவருமே சங்குமேட்டுக் குப்பத்துக்காரர்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற பாதையில், பத்தடி இடைவெளியில், ஆளுக்கொரு கீற்றுப் பந்தல் போட்டு மீன் வறுத்து விற்றார்கள். கைப்பக்குவத்தில் சொர்ணத்தை மிஞ்ச ஆளில்லை என்று வேண்டாவின் புருஷனே வாய்தவறிச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சோறில்லாமல் இருந்திருக்கிறான். ஆனால் அது எழுபத்தெட்டாம் வருஷம். கல் கோயில்களைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சடைமுடியும் தாடியும் பாசிமணியுமாக வந்து, ஊருக்குத் திரும்புவதையே மறந்து மணலில் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்து வேண்டா, "கம்! சிட்! பிஷ்! ப்ரெஷ்!" என்று கூவினால் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சொர்ணம், "வா நைனா, ஒரு துண்டு துன்னுட்டு போ" என்று எத்தனை ஆசையாகக் கூப்பிட்டாலும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேண்டாவின் பந்தலுக்குப் போனார்கள்.

இப்படியே போனால் பந்தலைப் பிரித்துவிட்டு, பழையபடி தலையில் கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை நடக்க வேண்டியதுதான். அதற்கு அவளுடைய வலது முட்டி ஒத்துழைக்காது. முட்டியா இங்கிலீஷா என்று வந்தபோது சொர்ணம் இங்கிலீஷ் பக்கம் சாய்ந்தாள்.

குப்பத்து வலைக் கொட்டகையில் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு முதியோர் கல்விக் கழகத்தின் வகுப்பு நடந்தது. கழகத்தின் கிளை அலுவலகம் செங்கல்பட்டில், ஏரிக்கரையோரம். வகுப்பு எடுத்தவர் கோதண்டராமன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிவிட்டதும் சைக்கிளில் வருவார், வரும்போதே கால்சட்டை கிளிப்பைக் கழற்றிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு ஆர்வம்.

"இன்னா படிக்கணும் சொர்ணம்மா?" என்று குப்பத்துப் பாஷையிலேயே கேட்டார்.

"ரொம்ப வாணாம் வாத்தியாரே. முள்ளு இல்ல, காரம் கம்மி, வந்து குந்து. இந்த மூணத்தையும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடு. அப்பால தமிழ்ல நாலு எயுத்து. போதும்."

"ஒரே வாரம்" என்றார் கோதண்டராமன்.

சொர்ணம் தன் புருஷன் நீலமேகத்தையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கடலுக்குப் போய்வந்து, வலை உலர்த்திவிட்டு, நான்கு மணிக்கு அவனுக்குத் தூக்கம் மட்டும்தான் வேலை. அதைக் கொட்டகையிலும் செய்யலாமே என்று அவனும் வந்தான். இரண்டு நாள் வகுப்பு ஜோராக நடந்தது. மூன்றாம் நாள் ஜீப் வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் திட்ட அலுவலர் பூவராகவன். டில்லியில் பதினைந்து நாள் பயிற்சி முடித்து நேராக வந்திருந்தார். பயிற்சியில் கொடுத்த தோல் பையை அவர் இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அன்பார்ந்த வயதுவந்தோரே!" என்றார். "இன்றிலிருந்து இந்த மையத்தில் எழுத்துக் கற்பிப்பது நிறுத்தி வைக்கப்படுகிறது. நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள்? ஐந்து ஆண்டு கழித்து என்ன தொழிலில் இருக்கப் போகிறீர்கள்? அதைத் திட்டமிடாமல் அ, ஆ கற்பது, சுக்கான் இல்லாத படகில் கடலுக்குப் போவது போல!"

நீலமேகம் கண்விழித்தான். "எங்க கட்டுமரத்துக்கு சுக்கானே கெடையாது சார். துடுப்புதான். நா முப்பது வருசமா அப்டித்தான் போய்ட்டு வந்துகினு கீறேன்."

பூவராகவன் அவனைப் பரிவோடு பார்த்தார். "இதைத்தான் நான் சொல்கிறேன்" என்றார்.

பிறகு படிவத்தை விநியோகித்தார். 'வாழ்க்கைத் தொழில் திட்டப் படிவம்', பதினான்கு பக்கம். கற்பவர் தம் கைப்படப் பூர்த்தி செய்ய வேண்டும்.

"சார், இவங்களுக்கு எழுதத் தெரியாதே. அதுக்குத்தானே வந்திருக்காங்க?" என்றார் கோதண்டராமன்.

"அதற்கு வழி இருக்கிறது. பின்னிணைப்பு இரண்டைப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள், தமக்கு எழுதத் தெரியாது என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு."

அப்புறம் தொழில்களின் பட்டியல். மொத்தம் முப்பத்திரண்டு தொழில்கள். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் புத்தகத்திலிருந்து எடுத்து, டில்லியில் இந்தியாக்கி, செங்கல்பட்டில் தமிழாக்கியிருந்தார்கள். மின்தூக்கி இயக்குநர், பனி வாருபவர், நாய்களுக்கு முடி திருத்துபவர் என்று போயிற்று. மீன்பிடிப்பதும் மீன் விற்பதும் அதில் இல்லை.

"எங்க தொயிலு எங்க சார்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"மீன் உங்கள் தொழில் அல்ல, அம்மா. அது உங்கள் பின்தங்கிய நிலை."

நீலமேகம் பட்டியலைக் கவனமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பனி வாருபவரைத் தேர்ந்தெடுத்தான். "பனின்னா மார்கழி மாசத்துப் பனிதானே சார்? ஒன்பது மணிக்கெல்லாம் தானா பூடும். நல்ல வேலை. இத்த எனுக்கே போட்டுக்கோ."

வலை பின்னுகிற ஆதியம்மாள், எழுதுவதில் பயமில்லாத ஒரே மனுஷி, ஏனென்றால் எழுதச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். அவளிடம் பூவராகவன் நேர்காணல் நடத்தினார். "ஐந்து ஆண்டு கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

"எங்க இருப்பேன்? இங்கதான். இல்லாங்காட்டி சுடுகாட்டுல. ரெண்டும் கிட்டத்துலதான் கீது."

'இடமாற்றத்துக்குத் தயார்' என்று பூவராகவன் குறித்துக்கொண்டார்.

சொர்ணத்துக்குத் திறன் சோதனை வைத்தார்கள். பலகையில் இருந்த ஓட்டைகளில் மரக்குச்சிகளைச் செருக வேண்டும், ஐந்து நிமிஷம் அவகாசம். தினமும் கூடை கூடையாக இறால் உரிக்கிற கை. ஐம்பது குச்சிகளையும் அரை நிமிஷத்தில் செருகிவிட்டு, "இதுக்கு தலைய கிள்ளணுமா, வாலயா?" என்று கேட்டாள். பூவராகவன் புத்தகத்தைப் புரட்டினார். விரல் வேகம் மிக உயர்வு. பொத்தான் அழுத்தப் பிறந்தவள். அவள் மின்தூக்கி இயக்குநர் என்று முடிவாயிற்று.

மாமல்லபுரத்தில் உயரமான கட்டடம் கலங்கரை விளக்கம். அதில் படிதான். செங்கல்பட்டிலும் லிப்ட் கிடையாது. ஆகையால் செய்முறைப் பயிற்சிக்காக, கொட்டகையின் மூலையில் மூங்கிலும் கீற்றும் வைத்து ஆளுயரப் பெட்டி ஒன்று கட்டப்பட்டது. அதற்குள் சொர்ணம் நிற்க வேண்டும். ஆறு பேர் உள்ளே வர வேண்டும். சுவரில் சாக்பீஸால் போட்ட பொத்தானை அழுத்தி, "கோயிங் அப்" என்று அவள் சொன்னதும் ஆறு பேரும் குதிகாலைத் தூக்கி எம்பி நிற்க வேண்டும். "கோயிங் டவுன்" என்றால் குந்த வேண்டும். ஒருநாள் அவள் 'அப்' சொல்லிவிட்டு, வெளியே உலர்த்தியிருந்த கருவாட்டை நாய் இழுப்பதைப் பார்த்து ஓடிவிட்டாள். திரும்பிவர அரைமணி நேரம் ஆயிற்று. ஆறு பேரும் அதுவரை எம்பியே நின்றிருந்தார்கள். பயிற்சியின் கட்டுப்பாடு பற்றிப் பூவராகவன் தலைமைக்குத் தனியாக எழுதினார்.

இங்கிலீஷும் நின்றுவிடவில்லை. திட்டத்தோடு இணைத்துக் கற்பிக்கலாம் என்று விதி இருந்தது. ஆகவே நேர்காணலில் வரும் கேள்வியை மட்டும் எல்லோரும் தினமும் நூறு தடவை சொன்னார்கள்: "வேர் டு யூ ஸீ யுவர்செல்ப் ஆப்டர் பைவ் இயர்ஸ்?" நெத்திலி காய்கிற வாசனையில், அலைச் சத்தத்துக்கு மேலே, இருபத்துமூன்று பேர் அதைக் கூவினார்கள். அர்த்தம் கற்பிப்பது இரண்டாம் கட்டத்தில்.

"இதுக்கு இன்னாதான் அர்த்தம் வாத்தியாரே?" என்று ஒருநாள் சைக்கிளைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள் சொர்ணம்.

கோதண்டராமனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் என்று சொன்னவர். நான்கு மாதம் ஆகிவிட்டது. "அது... ஒருத்தரை மரியாதையா விசாரிக்கிறது, சொர்ணம்மா. நல்லா இருக்கீங்களான்னு கேக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலையில், எலும்பும் தாடியுமாக ஒரு வெள்ளைக்கார இளைஞன் பாதையில் வந்தான். "கம்! சிட்!" என்று வேண்டா ஆரம்பித்துவிட்டாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான். விட்டால் போய்விடுவான். சொர்ணம் கரண்டியை உயர்த்திக்கொண்டு தொண்டை கிழியக் கேட்டாள்: "வேர் டு யூ ஸீ யுவர்செல்ப் ஆப்டர் பைவ் இயர்ஸ்?"

அவன் நின்றான். ஒரு தடவை கடலைப் பார்த்தான், ஒரு தடவை அவளைப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பேச ஆரம்பித்தான். ஒருமணி நேரம் பேசினான். சொர்ணத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் பேசுகிற பிள்ளையை நிறுத்தவும் மனசில்லை. "ஆமாம்பா... அத்த சொல்லு... அப்பால?" என்று தலையாட்டிக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சும்மா இருக்க வேண்டாமே என்று, "கோயிங் அப்? கோயிங் டவுன்?" என்று விசாரித்தாள். அவன் அழுதான். அழுதுகொண்டே ஆறு சங்கரா மீன் தின்றான். போகும்போது அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

மறுநாள் நான்கு பேரைக் கூட்டிவந்தான். அதற்கு அடுத்த நாள் பதினோரு பேர். ஊரில் அப்பன் கேட்டான், வாத்தியார் கேட்டான், அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கப்பலும் பஸ்ஸும் மாறிமாறி இவ்வளவு தூரம் ஓடிவந்தோம். இங்கே உலகத்தின் கரையில், புகைக்கு நடுவில் ஒரு தாய் உட்கார்ந்துகொண்டு அதையே கேட்கிறாளே என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவன் தாடியை எடுத்துவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தான். ஒருத்தி அம்மாவுக்குத் தந்தி கொடுத்தாள். பந்தலுக்கு முன்னால் வரிசை நின்றது. வேண்டாவின் பந்தலில் ஈ மட்டும் உட்கார்ந்தது.

"அடியே, இன்னா மந்திரம்டி அது?" என்று வேண்டா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நல்லா கீறியான்னு கேட்டேன். அவ்ளோதான்" என்றாள் சொர்ணம். அவள் பொய் சொல்லவில்லை.

செய்தி செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போயிற்று. கழகத்தின் இயக்குநர் ஆராவமுதன் நேரில் வருகிறார் என்று கடிதம் வந்தது. வலைக் கொட்டகைக்குத் தோரணம் கட்டினார்கள். மைக் செட் வந்தது. நாற்காலிகள் வந்தன. பார்வையாளர்களாகச் சடைமுடிக்காரர்களில் பத்துப் பேரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மீன் கிடைக்கும் என்று அவர்கள் வந்திருந்தார்கள்.

ஆராவமுதன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "இருபத்தெட்டு வருஷமாக முதியோர் கல்விக்கென்றே என் வாழ்க்கையை அர்ப்பணித்திருக்கிறேன். ஆனால் கற்கும் முதியோரை நேரில் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. மிக்க மகிழ்ச்சி. நான் நினைத்திருந்ததைவிட நீங்கள் சாதாரணமாக இருக்கிறீர்கள். எழுத்தறிவு என்பது அவசரப்படக் கூடாத விஷயம். சட்டென்று எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால், அப்புறம் நாங்கள் என்ன செய்வது? ஆகவேதான் எழுத்தை ஒத்திப்போட்டு இலக்கை முன்னுக்குக் கொண்டுவந்தோம். இந்த மையத்தில் நான்கு மாதமாக ஓர் எழுத்துகூடக் கற்பிக்கப்படவில்லை. இந்தச் சாதனையை மற்ற மையங்களும் பின்பற்ற வேண்டும்!"

பூவராகவன் பலமாகக் கைதட்டினார். கோதண்டராமன் கால்சட்டை கிளிப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொர்ணம்! வா அம்மா. வெளிநாட்டு விருந்தினர்களிடம் நீ கேட்கிறாயாமே, அதை இங்கே கேட்டுக் காட்டு."

சொர்ணம் புதுப்புடவையில் மேடை ஏறினாள். யாரைக் கேட்பது? இருக்கிறவர்களில் பெரியவர் இவர்தான். இவரை விட்டுவிட்டு மற்றவர்களை விசாரித்தால் மரியாதையாக இருக்காது. இயக்குநர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"வேர் டு யூ ஸீ யுவர்செல்ப் ஆப்டர் பைவ் இயர்ஸ்?"

ஆராவமுதன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கேள்வியில் இருந்த பரிவா, கேட்டவள் கண்ணைச் சிமிட்டாமல் நின்றதா, எதுவென்று தெரியவில்லை. தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"மார்ச் மாசம் எனக்கு ரிடையர்மென்ட், அம்மா. திட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் பதவி நீட்டிப்பு கொடுப்பார்கள். அதனால்தான் படிவத்தைப் பதினாலு பக்கமாக்கினேன். முதலில் அது ஒரு பக்கம்தான். பெயர் மட்டும்தான் கேட்டிருந்தது." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐந்து வருஷம் கழித்தா? காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எனக்குக் காபி போடக்கூடத் தெரியாது."

"அத்த சொல்லு... அப்பால?" என்றாள் சொர்ணம், வழக்கம்போல.

"அப்புறம் ஒன்றும் இல்லை" என்றார் ஆராவமுதன்.

பக்கத்தில் நின்ற பூவராகவனை விசாரிக்காமல் விட்டால் அவர் மனசு வருத்தப்படுமே என்று சொர்ணம் அவர் பக்கம் திரும்பி, "யூ?" என்றாள்.

"சார் சீட்டில்" என்று சொல்லிவிட்டார் பூவராகவன். மைக் அதையும் கடற்கரை முழுக்கச் சொல்லிற்று.

முன்வரிசையில் இருந்த பத்து சடைமுடிக்காரர்களும் எழுந்து, ஒன்றும் புரியாமலேயே கண்ணீரோடு வந்து இரு அதிகாரிகளையும் கட்டிக்கொண்டார்கள்.

பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. கற்பவர்கள் இனி தம்மைவிட உயர்ந்த பதவியில் இருப்பவர்களின் எதிர்காலத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது. சங்குமேட்டுக் குப்பம் மையத்தின் இலக்குகள் அனைத்தும் எட்டப்பட்டுவிட்டபடியால் மையம் மூடப்படுகிறது. அங்கே பதிவான இருபத்துமூன்று பேரும் கல்வி பெற்றவர்களாக அறிவிக்கப்படுகிறார்கள். அதை அவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. கோதண்டராமன் வந்து படித்துக் காட்டினார்.

மறுநாளும் பழக்க தோஷத்தில் நான்கு மணிக்கு அவர் சைக்கிள் குப்பத்துப் பக்கமே வந்தது. கொட்டகையில் வலை குவித்திருந்தார்கள். அவர் சொர்ணத்தின் பந்தலில் போய் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க சொர்ணம்மா. மூணு வார்த்தை கேட்டீங்க. ஒண்ணுகூட சொல்லித் தரல. இனிமே உங்களுக்கு அது தேவையும் இல்ல. வியாபாரம் நல்லா போகுது."

"இன்னா நல்லா போவுது?" என்றாள் சொர்ணம். "புள்ளைங்க அயுதுகினே துன்னுதுங்க. ஏன் அயுவுதுன்னு தெரியாம நானு தலையாட்டிகினு கீறேன். பேஜாரா கீது வாத்தியாரே. நெசமா சொல்லு, அந்தக் கேள்விக்கு இன்னா அர்த்தம்?"

கோதண்டராமன் சொன்னார்.

சொர்ணம் கரண்டியைக் கீழே போட்டாள். "அட கடவுளே! சோத்துல கைவச்ச புள்ளைகிட்ட கேக்கற கேள்வியாய்யா இது? ஊரு விட்டு ஊரு வந்து பசியோட குந்திகினு கீது, அதாண்ட போயி அஞ்சு வருசம் கயிச்சி இன்னா பண்ணுவேன்னு... என் வாய்ல கொள்ளி வைக்க! மொதல்ல அந்த மூணத்தையும் சொல்லிக் குடு. இப்பவே."

சொல்லிக் கொடுத்தார். 'முள் இல்லை' அன்றைக்கே வந்துவிட்டது. 'காரம் கம்மி'க்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், காலியான பந்தலில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த வேண்டாவைச் சொர்ணமே கூப்பிட்டாள். "எட்டி நின்னு ஏன் பாத்துகினு கீற? நீயும் வந்து குந்து, நாலு எயுத்து கத்துக்கோ. பாதிப்பேர ஒன் பந்தலுக்கு அனுப்பறேன். என்னால தனியா வறுக்க முடியல." வேண்டா சிலேட்டுப் பலகையோடு வந்தாள். ஆதியம்மாள் வந்தாள். நீலமேகம் தூங்க வந்து, இங்கே தூங்க இடமில்லாமல், 'நீ' எழுதக் கற்றுக்கொண்டான். ஒரு மாதத்தில் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். வருகைப் பதிவேடு இல்லை, படிவம் இல்லை. ஆகையால் படிப்பு வேகமாக நடந்தது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. அனுமதி இல்லாமல் ஏதோ மையம் நடப்பதாக மொட்டைக் கடிதம் வந்திருந்தது. விசாரிக்கப் பூவராகவன் வந்தார். ஆராவமுதன் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். தோல் பையின் வார் அறுந்து, அதைப் பூவராகவன் கையில் பிடித்திருந்தார்.

"யார் கொடுத்த அனுமதி இது?"

கோதண்டராமன் முகம் வெளுத்து எழுந்தார். நீலமேகம் பலகையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நாங்க ஒண்ணியும் படிக்கல சார். மீனு துன்னுகினு கீறோம்" என்றான்.

பூவராகவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வாத்தியாரின் வேலைக்கே உலை வைக்கிற அறிக்கை அது, எல்லோருக்கும் தெரிந்தது. சொர்ணம் மட்டும் அவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் நின்ற ஜீப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"மு... தி... யோ... ர். முதியோர்." ஒரு மூச்சு விட்டாள். "க... ல்... வி. கல்விக்... க... ழ... கம்."

ஜீப்புக்குப் பக்கத்தில் போய், அந்த எழுத்துகளின் மேல் மசாலா விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு திரும்பினாள். "அடடே! இது உங்க ஆபீசு வண்டியா சார்? நா இத்தினி நாளும் மலேரியாவுக்கு மருந்து அடிக்க வர்ற வண்டின்னு நெனச்சிகினு இருந்தேன்."

பூவராகவன் பன்னிரண்டு வருஷம் அந்தக் கழகத்தில் வேலை பார்த்தவர். எழுத்துத் தெரியாமல் வந்த ஒருவர் எதையாவது வாசித்து அவர் கேட்டதில்லை. எழுதுவதற்கு எடுத்த பேனாவை அவர் மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"குந்து சார்" என்றாள் சொர்ணம். "முள்ளு இல்ல. காரம் கம்மி."

அவர் உட்கார்ந்தார். இரண்டு வஞ்சிரம் துண்டு தின்றார். கையைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து, எல்லோருக்கும் எதிரிலேயே அறிக்கையை எழுதினார். 'மேற்படி இடத்துக்கு நேரில் சென்று ஆய்வு செய்தேன். அங்கே எவ்விதக் கல்வியும் நடைபெறவில்லை என்று உறுதியளிக்கிறேன்.' வேண்டா அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அந்தக் கழகத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான அறிக்கைகளில், பொய்யென்று தெரிந்தே எழுதப்பட்டது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவர்கள் உண்மை என்று நம்பித்தான் எழுதினார்கள்.